இருட்டறையில் சாய்ந்த புல்

1. அறையில் இருந்தவர்கள்

இயக்குநர்.

அண்ணி. என் அண்ணன் மனைவி, களைப்புல் ஆராய்ச்சிக்காரி. கதை இவருடையது.

புள்ளிவிவரம் பார்ப்பவர். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் சராசரி.

மருந்து அடிப்பவர். எல்லாரும் பம்பு என்பார்கள். போனை எடுத்தால் அவரே "பம்பு பேசறேன்" என்றுதான் சொல்வார்.

அருகம்புல், பன்னிரண்டு தொட்டி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காகிதக் கூடு.

நான். எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை.

[கொடுத்தார்கள். நான்தான் உட்காரவில்லை. ஆறாவது பெயரிலேயே முதல் பொய் வந்துவிட்டது. அழிக்கலாம், ஆனால் இப்படிப்பட்டவன்தான் சொல்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.]

2.

நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது இந்தக் கதை. கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்ல ஆசைதான். கற்பனை எல்லாவற்றையும் வேறொரு நாவலுக்குச் செலவழித்துவிட்டேன். அந்த நாவல் மோசம். எலிகூட அதை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஆனால் அதை எழுதிய இடமும் எழுதிய வெளிச்சமும் சேர்ந்து இன்னொருவருடைய இரண்டு வருட உழைப்பை ஏறக்குறையக் கொன்றுவிட்டன. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

"வெளிச்சம் என்பது—"

வேண்டாம். இப்படித் தொடங்குகிற வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

"இரவுப் பணியில் இருப்பவனுக்கு மட்டுமே தெரிந்த ஒரு தனிமை—"

இதுவும் வேண்டாம். பதினோரு மாதம் இரவுப் பணியில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த மெஷினில் டீ சூடாக வரும் என்பது மட்டும்.

"புல்லைக் கொல்வது சுலபம். அதன் வேரைக் கொல்வதுதான்—"

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3.

ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என்று வாழ்த்துகிறோம். அந்த அருகின் வேரை எப்படி ஒழிப்பது என்று யோசிப்பதற்குத்தான் அண்ணிக்குச் சம்பளம். வயலிலும் தோட்டத்திலும் அருகு வந்து உட்கார்ந்தால் போகாது. மேலே வெட்டினால் கீழே மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். மருந்து அடித்தால் மேலே பழுக்கும். ஒரு மாதம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி பச்சையாக நிற்கும்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து இலைக்குள் போவது ஒன்று. இலையிலிருந்து கீழே தண்டுக்கு இறங்குவது இன்னொன்று. விருந்தாளி வாசல் தாண்டி வந்துவிட்டார் என்பதற்காகச் சமையலறைவரை வந்துவிட்டார் என்று ஆகாது. அண்ணி வேலை செய்த மருந்துக்குச் சொந்தக் கால் கிடையாது. இலை தயாரிக்கிற சர்க்கரை கீழே போகும்போது அதோடு தொற்றிக்கொண்டு போகும். சர்க்கரை தயாராக வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் வண்டி கிளம்பாது. விருந்தாளி கூடத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எல்லா மருந்தும் இப்படி இல்லை. வெளிச்சம் பட்ட உடனே இலையைப் பொசுக்கிவிடுகிற மருந்தும் உண்டு. அது தான் போக வேண்டிய பாதையையும் சேர்த்தே பொசுக்கிக்கொள்ளும். அதற்கு இருட்டே நல்லது. இதைச் சொல்லாமல் விட்டால் அண்ணி என்னைப் பொசுக்கிவிடுவார்.)

நிலையம் விவசாயிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் ஒரு வரி இருந்தது: "மருந்தை மாலையில் அடிக்கவும்." மாலையில் காற்று குறைவு, வெயில் குறைவு, அடிப்பவருக்கும் சுகம். ஆனால் மாலையில் அடித்தால் உடனே இருட்டிவிடும். அந்த ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்பதுதான் அண்ணியின் இரண்டு வருட வேலை. எழுதியவர் இயக்குநர் என்பதால் அது வெறும் வார்த்தையாக இல்லை.

4.

சோதனை இதுதான். பன்னிரண்டு தொட்டிகளுக்கு மருந்து அடித்து வெளிச்ச அறையில் ஐந்து நாள் வைப்பார்கள். இன்னும் பன்னிரண்டுக்கு அதே மருந்தை அதே அளவு அடித்து இருட்டறையில் ஐந்து நாள். பிறகு எல்லாவற்றையும் மண்மட்டத்துக்கு மொட்டையடித்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். முளைத்தால் மருந்து கீழே இறங்கவில்லை. முளைக்காவிட்டால் இறங்கிவிட்டது.

முதல் தடவை வெளிச்சத்தில் இருந்த ஒன்றுகூட முளைக்கவில்லை. இருட்டில் இருந்த பன்னிரண்டும் முளைத்தன. அண்ணி வீட்டில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் இருட்டுத் தொட்டிகளில் பாதி செத்துவிட்டன. இருபத்துநாலில் பன்னிரண்டு. "பாதி சாகுது, பாதி முளைக்குது. இதுக்குப் பேர் முடிவு இல்ல மேடம், காசு சுண்டிப் பார்க்கறது" என்றார் சராசரி.

இயக்குநர் அதைவிட மோசமாக, மெதுவாகச் சொன்னார்: "வெளிச்சத் தொட்டியும் இருட்டுத் தொட்டியும் எங்கேயோ கலந்துபோச்சு. ஒத்துக்கிட்டா ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது."

ஒத்துக்கொண்டால் இருட்டறை கோப்பு வைக்கிற அறையாகிவிடும். அண்ணி வருடக் கடைசியில் வேறு வேலை தேட வேண்டும்.

அந்த இரண்டு தடவையும் இரவுக் காவலில் இருந்தவன் நான். வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். படிப்பைப் பாதியில் விட்டவனை, "இவன் பொறுப்பான பையன்" என்று வாய்ப்பந்தல் போட்டுச் சேர்த்துவிட்டார். வேலை ஒன்றும் பெரிதில்லை: வெளியே உட்கார்ந்து சுவரில் இருக்கிற வெப்பமானியைப் பார்த்து எழுதுவது. உள்ளே போகக் கூடாது.

நான் உள்ளே போனேன். வெளியே இயந்திரங்களின் சத்தம். உள்ளே அமைதி, குளிர்ச்சி, ஒரு மூலையில் காலியாக ஒரு முக்காலி. ஸ்டோரில் கிடந்த விளக்கு ஒன்றை எடுத்துப்போய்ப் போட்டுக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் நாவல் எழுதினேன். அது செடி வளர்ப்பதற்காகவே செய்த விளக்கு. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் வீட்டுக்குப் போனவன் திரும்பிப் போகவில்லை. ஏன் வேலையை விட்டேன் என்று மூன்று வரைவுகளில் மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னை அழகாகக் காட்டின. அதனால் மூன்றையும் வெட்டிவிட்டேன்.

5.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி சாப்பாட்டு மேசை முழுக்கப் படங்களைப் பரப்பியிருந்தார். மொட்டையடிப்பதற்கு முன்னால் எடுக்கிற படங்கள். மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் தெளித்த தொட்டிகள் சிலவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே இருட்டறையில் வைப்பார்கள். அவற்றின் படங்கள்தான் மேலே இருந்தன.

"தம்பி, இங்க வாங்க. இது என்ன?"

"புல்லு."

"அதுவரைக்கும் நல்லது. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

"இது?"

"இதுவும் இடது."

"இது, இது, இது? எல்லாம் தலை வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கம். சரி, இருட்டுல இருக்கிற புல்லு எந்தப் பக்கம் சாயும்?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பாத்திரம் கழுவிக்கொண்டே, "காத்து அடிச்சிருக்கும்" என்றான்.

"பூட்டின ரூமுல காத்து எங்கிருந்துங்க வரும்? நீங்க தட்டைக் கழுவுங்க. இருட்டுல வந்த குருத்து வெளுத்து மஞ்சளா இருக்கணும். இது பச்சைப் பசேல்னு இருக்கு. இடது மூலையில யாருடா உட்கார்ந்திருந்தது?"

தம்பியும் வாங்கவும் போய் டா வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் முதல் டா.

"நான்தான் அண்ணி."

"என்ன பண்ணின?"

"கதை எழுதினேன்."

அண்ணன் குழாயை மூடினான். "கதையா? அட, திருடினான்னு சொல்லியிருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாமேடா!"

இந்த இடத்தில் அண்ணி அழ வேண்டும். அல்லது அறைய வேண்டும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அழுகிற அண்ணி என் அண்ணி இல்லை. அறைகிற அண்ணி நான் வேண்டிக்கொண்ட அண்ணி. ஒரு அறையோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. நடந்தது வேறு.

"எத்தனை அடி?" என்றார்.

"எது?"

"விளக்குக்கும் முதல் வரிசைக்கும் எத்தனை அடி?"

"கை நீட்டினா எட்டும்."

"கடைசி வரிசைக்கு?"

"அந்தச் சுவர்கிட்ட. அங்க வெளிச்சமே சரியா இருக்காது. தொட்டியில இடிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். எந்தத் தொட்டி எந்த இடத்தில் இருந்தது, எது முளைத்தது, எது முளைக்கவில்லை. விரலை வைத்து வரிசை வரிசையாக எண்ணினார். ஒரு தடவைக்கு நாலு வரிசை, வரிசைக்கு மூன்று தொட்டி. இரண்டு தடவைக்கும் சேர்த்து முதல் வரிசையில் ஆறும் செத்திருந்தன. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் இரண்டு. கடைசி வரிசையில் ஒன்றுகூடச் சாகவில்லை.

மேசையில் ஓங்கி ஒரு தட்டு. டம்ளர் உருண்டது.

"வரிசைடா! எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி சராசரி எடுத்தாரே, வரிசையைப் பார்த்தாரா? நானும் பார்க்கலையே!"

(ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்ச அறையில் தினமும் தொட்டிகளை இடம் மாற்றி வைப்பார்கள். ஒரு மூலையில் வெளிச்சம் கூடவோ குறையவோ இருந்தால் எல்லாத் தொட்டிக்கும் அது சமமாகப் போய்ச் சேரட்டும் என்று. இருட்டறையில் மாற்றுவதில்லை. இருட்டில் எல்லா இடமும் ஒன்றுதானே. இருட்டுக்கு மூலை கிடையாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நம்பிக்கை. நான் அதற்கு ஒரு மூலை வைத்துக் கொடுத்தேன்.)

6.

இயக்குநரை வில்லனாக எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆட்களை வேலையைவிட்டு அனுப்புகிறவராக. பிறகு சந்தேகம் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியே போடுவதில்லை. அதைவிட முக்கியம், அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"இது விபத்து. ஆராய்ச்சி இல்ல. ஒருத்தன் திருட்டுத்தனமா விளக்குப் போட்டான்ங்கறதை நான் எப்படி அச்சடிக்கிறது?"

"திருட்டுத்தனம் இல்லாம ஒரு தடவை செஞ்சு காட்டறேன் சார். ஒரு மாசம் கொடுங்க."

"ஒரு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல. கோப்பு அலமாரிக்குச் சொல்லியாச்சு."

இந்தத் தடவை விளக்கு அதே மூலையில், அதே ஆறு மணி நேரம், தானாக எரிந்து தானாக அணைகிற மாதிரி. ஒவ்வொரு வரிசையிலும் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். நாலாவது வரிசையைக் கனத்த கறுப்புத் துணிக்குப் பின்னால் வைத்தார்கள். அதற்கு முழு இருட்டு. விளக்கை எங்கே வைத்திருந்தேன் என்று காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். காட்டினேன். பம்பு முக்காலியைப் பார்த்துவிட்டு, "இதுல உட்கார்ந்தா எழுதினே? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார். நாவலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்.

மொட்டையடித்த பிறகு சராசரி தொட்டிகளின் எண்களை உரித்துவிட்டு, தனக்கு மட்டும் புரிகிற வேறு எண்களை ஒட்டினார். மூன்று வாரமும் தண்ணீர் ஊற்றியது பம்பு. அண்ணி அந்தப் பக்கமே போகவில்லை. பம்புக்கு முளை தெரியும், வரிசை தெரியாது. சராசரிக்கு வரிசை தெரியும், முளை தெரியாது. அண்ணிக்கு இரண்டுமே தெரியாது. அந்த மூன்று வாரமும் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பும் இல்லை.

7.

இப்போது முதல் பகுதியில் சொன்ன அறைக்கு வந்துவிட்டோம். நீள மேசை, பன்னிரண்டு தொட்டி, காலையில் பம்பு மாட்டிவைத்த காகிதக் கூடுகள்.

"நடத்துங்க" என்றார் இயக்குநர்.

பம்பு முதல் கூட்டைத் தூக்கினார். "ஒண்ணுமில்ல. சுத்த மொட்டை."

சராசரி காகிதத்தைப் பார்த்தார். "வரிசை ஒண்ணு."

அடுத்தது. "முளைச்சிருக்கு. எட்டு, ஒம்போது குருத்து."

"வரிசை நாலு."

"மொட்டை."

"வரிசை ரெண்டு."

"நாலு குருத்து, நோஞ்சானா இருக்கு."

"வரிசை மூணு."

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டாவது கூட்டைத் தூக்கிய பம்பு, "இது மொட்டைதான் போல…" என்றார்.

சராசரி தலையைத் தூக்கவில்லை. "வரிசை நாலு."

முழு இருட்டில் இருந்த தொட்டி. அது செத்திருந்தால் மருந்து வெளிச்சம் இல்லாமலே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் போச்சு என்று அர்த்தம்.

[இங்கே பதற்றத்துக்காக ஒரு தடங்கலைச் செருகிவிட்டேன் என்று நினைப்பீர்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் இது நடந்தது.]

இயக்குநர் எழுந்து வந்து தொட்டிமேல் குனிந்தார். அவர்தான் விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினார். உள்ளே வெள்ளையாக, ஊசி முனை மாதிரி இரண்டு.

"இருக்கு" என்றார். "ஆழத்துல இருந்து வருது, அதான் தாமதம். எழுதிக்குங்க, முளை ரெண்டு."

தன்னுடைய துண்டறிக்கை தப்பு என்று காட்டுகிற இரண்டு முளைகளைத் தன் விரலாலேயே தோண்டி எடுத்த ஆளை நான் வில்லனாக எழுதியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மிச்சம் நாலும் திறந்தாயிற்று. முதல் வரிசையில் மூன்றும் மொட்டை. இரண்டாவதில் இரண்டு மொட்டை. மூன்றாவதில் ஒன்று. நாலாவதில் மூன்றும் முளைத்திருந்தன. படிக்கட்டு மாதிரி இறங்கியது.

"ஒரு கேள்வி" என்றார் இயக்குநர். "இருட்டுல இருந்த இலைக்குள்ள மருந்து போகவே இல்லைன்னா? அப்பவும் இப்படித்தானே முளைக்கும்?"

அண்ணி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு தாளை நகர்த்தினார். "வெட்டின இலையைக் கழுவி, கழுவின தண்ணியில எவ்வளவு மருந்து இருக்குன்னு பார்த்தோம் சார். நாலு வரிசையிலயும் மிச்சம் ஏறக்குறைய ஒண்ணுதான். இலை எல்லா இடத்துலயும் குடிச்சிருக்கு. கீழ அனுப்பினதுலதான் வித்தியாசம்."

இயக்குநர் அந்தத் தாளைப் படித்தார். பிறகு சராசரியைப் பார்த்தார்.

சராசரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் மொத்தமாப் போட்டு எடுத்திருக்கக் கூடாது மேடம்." எழுந்து நின்று சொன்னார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

இயக்குநர் துண்டறிக்கை ஒன்றை எடுத்து, பேனாவால் ஒரு வார்த்தையை அடித்தார்.

"மாலையில்னு எழுதினதே நான்தான், தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"புல்லுக்குத் தெரியாதே சார்."

பம்பு சிரித்த சிரிப்பில் ஒரு காகிதக் கூடு பறந்து விழுந்தது. இயக்குநரும் சிரித்தார். "காலையில்" என்று எழுதினார். "வயல்ல ஒரு பருவம் முழுக்கப் பாருங்க. ரூம் உங்களுக்குத்தான். அலமாரியை நான் வேற எங்கேயாவது வச்சுக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"விளக்குப் போட்டது நீதானா?"

"ஆமா சார்."

"எழுதினது அச்சாச்சா?"

"இல்ல சார்."

"புல்லு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. அதுவே பெரிசு."

வெளியே நடைவழிக்கு வந்ததும் அண்ணி இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்துக் காற்றில் குத்தினார், சத்தமே இல்லாமல், நாலைந்து தடவை. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி நடந்தார். இந்தக் கதையில் நான் ஒரு வார்த்தைகூட மாற்ற விரும்பாத வாக்கியங்கள் இவை இரண்டும்தான்.

8. முடிவுகள்

முடிவு அ: நான் திருந்தி இரவுப் பணிக்கே திரும்புகிறேன். விளக்கைத் தொடுவதில்லை. (பொய். அந்த வேலைக்கு இப்போது ஒரு கருவி வந்துவிட்டது. என்னைவிட நாணயமானது.)

முடிவு ஆ: நாவல் வெளிவந்து, முதல் பக்கத்தில் "அருகம்புல்லுக்கு" என்று— (சீ.)

முடிவு இ: ஒரு பருவம் கழித்து ஒரு விவசாயி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு— (வரலாம். இன்னும் பருவம் முடியவில்லை. நடக்காததை நடந்ததாக எழுதினால் சராசரி எழுந்து நிற்பார்.)

ஆகவே, நடந்ததுவரை மட்டும்.

9.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணி என்னை இருட்டறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஒன்றுமில்லை, தொட்டியில்லை, முக்காலியில்லை, விளக்கில்லை. அடுத்த சோதனைக்கு முன்னால் அறையில் எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்குக் கருவி போதாது. உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருந்தால், தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் நட்சத்திரம் மாதிரி தெரியும் என்றார்.

"கதவு சும்மா சாத்தினா விரல் அளவு விலகும். வெளியில இருந்து பூட்டணும்."

"பம்பு அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நீ எதுக்கு இருக்க?" டா போய்விட்டது, தம்பியும் வாங்கவும் திரும்பி வரவில்லை. நடுவில் எங்கேயோ நின்றுவிட்டோம். சாவியை என் கையில் வைத்தார். "இருபது நிமிஷம். நடுவுல திறந்தே, கொன்னுடுவேன்."

"பயமா இருந்தா தட்டுங்க அண்ணி."

"யாருக்குப் பயம்? போடா."

உள்ளே அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கீறல் இருந்ததா இல்லையா, இந்தப் பருவம் காலையில் அடித்த மருந்து வயலில் வேர்வரை இறங்குமா, எதுவும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். எழுதப்போவதில்லை. என் கையில் கொடுத்தது சாவி மட்டும். அந்த இருபது நிமிடத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். நான் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, ஒருமுறை அசைத்துப் பார்த்தேன்.